‘ஆய்வில் தகவல்’ என்றால், எந்த ஆய்வில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழைப் பல வருடங்களாக வாங்கிப் படித்து வருகிறேன். ஏற்காடு மலையில் இருக்கும் எங்கள் நாகலூருக்குப் பேப்பர் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும், மழை நாளில் பத்தும் ஆகும். ஆனாலும் விட்டதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் பற்றி நீங்கள் போடும் செய்திகளில் பெரும்பாலானவை ‘ஆய்வில் தகவல்’, ‘விஞ்ஞானிகள் எச்சரிக்கை’ என்ற தலைப்போடு வருகின்றன. எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த இதழில் எந்த வருடம் வந்தது, நாங்கள் போய்ப் படிக்க முடியுமா, படிக்கக் காசு கேட்பார்களா என்று உள்ளே தேடினால் ஒன்றும் இருக்காது. அதை ஒரே ஒரு வரியாகச் செய்தியின் அடியில் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒரு வரி, எழுதியது பல பக்கம் ஆகிவிட்டது. இடம் இல்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதுவது, கூலி போடுவது, பழம் எடை பிடிப்பது இவற்றோடு மழை அளப்பதும் ரைட்டர் தலையில்தான் விழும். காலையில் மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். அதைப் பார்க்கக் கூடாது, நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. அரசாங்கம் எப்போதோ மில்லிமீட்டருக்குப் போய்விட்டது. எஸ்டேட்காரர்கள் இன்றைக்கும் இஞ்ச், செண்ட் என்றுதான் பேசுகிறார்கள். நூறு செண்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர். மழை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, ‘இல்லை’ என்று எழுத வேண்டும். “காலியா விட்டா மழை பெய்யலையா, நீ போய்ப் பார்க்கலையான்னு பின்னாடி எவனுக்குத் தெரியும்?” என்பார் எனக்கு வேலை பழக்கிய பெரிய ரைட்டர்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். காபிச் செடியின் மொட்டு கோடை வறட்சியில் தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு இஞ்ச் போல மழை ஒரே தடவையாக விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அதைப் பூமழை என்போம். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். முப்பது செண்ட் தூறிவிட்டு மழை ஓடிப்போனால் மொட்டு பாதி விழித்து அப்படியே கருகும், அந்த வருடத்து வெள்ளாமை அதோடு போச்சு. ஆக, வானம் மாறுகிறது என்று யாராவது ஆய்வு செய்தால் அது எங்களுக்குப் பொழுதுபோக்குச் செய்தி இல்லை. பருவநிலை பற்றி உங்கள் பேப்பரில் வரும் ஒவ்வொரு பத்தியையும் இங்கே உள்ள சிறு விவசாயிகள் தோட்டத்துக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள்.

2019 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். உலகில் காபி அழியப்போகிறது, விஞ்ஞானிகள் எச்சரிக்கை என்று பேப்பரிலும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே பேச்சு. அறுபது சதவீதம் காபி காலி என்று ஒருவர் சொன்னார், இருபது வருடத்தில் காபியே கிடைக்காது என்று இன்னொருவர். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாற்றுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போய்விட்டார். “ரைட்டரய்யா, செடியைப் புடுங்கிட்டு சில்வர் ஓக்குல மிளகை மட்டும் ஏத்தி விட்டுடலாமா?” என்று என்னிடம் வந்து கேட்டவர்களும் உண்டு. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அந்த வாரம் மேலே வந்திருந்தாள். “இருங்க தாத்தா, மூலத்தைப் பார்ப்போம்” என்று போனில் தேடி அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டாள். ‘சயின்ஸ் அட்வான்ஸஸ்’ என்ற இதழில் வந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானிகள் செய்த ஆய்வு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

நாங்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். ஆங்கிலத்தை அவள் சொல்ல, செடியைப் பற்றி நான் சொல்ல, ஒரு வழியாகப் புரிந்தது. உலகில் 124 காபி இனங்கள் உண்டு, அவற்றில் 75, அதாவது அறுபது சதவீதம், அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஆனால் அது ஆப்பிரிக்கக் காடுகளிலும் மடகாஸ்கரிலும் தானாக வளரும் காட்டுக் காபியைப் பற்றிய கணக்கு. நாம் தோட்டத்தில் வைத்துக் குடிப்பது பெரும்பாலும் அராபிகா, ரோபஸ்டா என்ற இரண்டே இனங்கள்தான். அராபிகாவும் எத்தியோப்பியக் காட்டில் ஆபத்தில்தான் இருக்கிறது, அது வேறு. நாகலூரில் நிற்கும் செடி அடுத்த வருடம் செத்துவிடும் என்று அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. காட்டு இனங்கள் போய்விட்டால் நோயையும் வறட்சியையும் தாங்கும் புது ரகத்தை எதிலிருந்து உருவாக்குவது என்பதுதான் அவர்கள் கவலை. என் அனுபவத்தில் அது சின்னக் கவலை இல்லை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு புகுந்த அராபிகாச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியாது. தாங்கும் ரகம் ஒன்று எங்காவது ஒரு காட்டில் இருந்து, நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது அழிந்துபோனால் நஷ்டம் ஏற்காட்டுக்கும்தான். செய்தியில் வந்த பயம் ஒரு மாதிரி, கட்டுரையில் இருந்த பயம் வேறு மாதிரி. முதலாவதைக் கேட்டால் செடியைப் பிடுங்கத் தோன்றும்.

எங்களை நேராகத் தொடும் ஆய்வு அதற்கு நாலு வருடம் முன்பே, 2015-ல், வந்திருக்கிறது. ‘கிளைமேட்டிக் சேஞ்ச்’ என்ற இதழ். 2050-க்குள் உலகில் காபிக்குத் தோதான நிலப்பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும், தாழ்வான இடங்களுக்குத்தான் அடி அதிகம் என்கிறது. எத்தியோப்பியா போன்ற நாடுகளில் இன்னும் மேலே ஏறிப் பயிரிட இடம் இருக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வானம்தான். இதைத் தமிழ்ப் பேப்பர் எதிலும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ‘காபியே அழியும்’ அளவுக்குத் தலைப்பு கவர்ச்சியாக வராது போலிருக்கிறது.

சரி, இந்த இரண்டும் இலவசமாகக் கிடைத்தன. கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு ஆராய்ச்சி மாணவர் எஸ்டேட்டுக்கு வந்தார். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், பையன் நல்ல பையன். மண் எடுத்தார், நிழல் மரங்களை எண்ணினார், மழைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டார். “முடிஞ்சதும் கட்டாயம் அனுப்பறேன் ஐயா” என்றார். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, எங்கோ போய்விட்டார். கொஞ்ச நாள் முன்பு பேத்தி தேடிப் பார்த்ததில் கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்திருப்பது தெரிந்தது. தலைப்பும் சுருக்கமும் தெரிகின்றன, உள்ளே போக 39 டாலர் 95 செண்ட் கேட்கிறது. நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். பழம் பறிக்கும் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. என் கையெழுத்தில் இருந்த மழைக் கணக்கைப் பார்க்க நான் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும்!

எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. அந்த நாற்பது டாலரில் அவருக்குக் காலணா வராது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவருக்கு இதழ் பணம் கொடுப்பதில்லை. அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் மற்ற விஞ்ஞானிகளும் பெரும்பாலும் சும்மாதான் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆய்வுக்கான பணம் பல நேரம் அரசாங்கத்துடையது, அதாவது நம்முடையது. பிறகு நம் பல்கலைக்கழகங்களே சந்தா கட்டி அதை வாங்கிப் படிக்கின்றன. வாசகரிடம் வாங்காமல் எழுதியவரிடமே வாங்குகிறோம் என்று சில இதழ்கள் மாறின. ‘நேச்சர்’ இதழ் 2021-ல் இப்படி ஆரம்பித்தபோது ஒரு கட்டுரைக்குக் கேட்டது 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். நம்மூர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் எங்கே போவார்? இன்னொரு பக்கம், பணத்தை வாங்கிக்கொண்டு எந்தக் குப்பையையும் அச்சேற்றும் இதழ்களும் பெருத்துவிட்டன. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதாலேயே ஒன்று நல்ல ஆய்வு ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம் என்கிறார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் விவசாயி இல்லை, பஞ்சாயத்துத் தலைவர் இல்லை, உங்கள் சேலம் நிருபரும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் தனியார் கல்லூரிகளும் முதல் கட்டத்தில் இல்லை. ஆறாயிரம் கோடி கொடுத்து வாசலைத் திறந்தும் நாம் வெளியேதான் நிற்கிறோம்.

மூலத்தைப் பார்க்காமல் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வதில் என்ன ஆபத்து என்பதற்கு ஊர் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துபோக வாய்ப்பு அதிகம் என்று ஒரு வரி இருந்தது. நம் நாட்டில் பெரிய கலவரமாகிவிட்டது. கங்கை என்ன ஆகும், பிரம்மபுத்திரா என்ன ஆகும் என்று பேசாதவர் இல்லை. பின்னால் துருவிப் பார்த்தால், அந்த வரிக்கு ஆதாரம் 2005-ல் ஒரு தொண்டு நிறுவனம் போட்ட அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆதாரம் 1999-ல் ஒரு அறிவியல் வார இதழில் வந்த செய்தி. முறையாக மற்ற விஞ்ஞானிகள் சரிபார்த்த ஆய்வு எதுவுமே அடியில் இல்லை. 2010 ஜனவரியில் அந்தக் குழு, ஆம், அந்த வரிக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை, அந்தத் தேதிக்குத்தான் ஆதாரம் இல்லை. இதில் நான் கவனிப்பது வேறொன்று. பல நூறு பக்க அறிக்கையில் ஒரு வரி எப்படி மாட்டியது? அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியில் இருந்தது, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று அதிலேயே குறித்தும் இருந்தது. அதனால் பிடித்துக்கொண்டே மூலம் வரை போக முடிந்தது. ‘ஆய்வில் தகவல்’ என்று மட்டும் போட்டிருந்தால் இன்று வரைக்கும் 2035 என்றே பேசிக்கொண்டிருந்திருப்போம்.

அதே குழுவின் 2021 அறிக்கை, பூமி சூடானதற்கு மனிதர்களே காரணம் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்கிறது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டு 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல், சுருக்கம் மட்டும் ஐ.நா.வின் ஆறு மொழிகளில் உண்டு. தமிழில் அவர்கள் போடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் இணைப்பிதழில் ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தை இதற்குக் கொடுங்களேன்.

இப்படிப் பொதுவில் வைத்த கணக்குகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலை மேல் எடுக்கும் கணக்கு. சார்லஸ் டேவிட் கீலிங் என்பவர் 1958 மார்ச்சில் ஆரம்பித்தார். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று நாள் தவறாமல் அளப்பது, அவ்வளவுதான். பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு என்று ஆரம்பித்தது இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. வடக்கே காடுகள் தளிர்க்கும் மாதங்களில் கொஞ்சம் இறங்குகிறது, இலை உதிர்ந்ததும் ஏறுகிறது. போன வருடத்தின் அளவை மட்டும் இந்த வருடம் தாண்டிவிடுகிறது. 1964-ல் பணம் ஒதுக்காமல் விட்டதால் கொஞ்ச காலம் அளவு நின்றுபோனது, வரைபடத்தில் அந்த ஓட்டை இன்னும் தெரியும். 2022 நவம்பரில் எரிமலை வெடித்து மின்கம்பியையும் சாலையையும் கொண்டுபோனது. சில நாளில் பக்கத்து மலையான மௌனா கியாவில் கருவியை வைத்துக் கணக்கைத் தொடர்ந்தார்கள். நேற்று எவ்வளவு என்பதை இன்று நாகலூரில் உட்கார்ந்து போனில் பார்க்கலாம். மழைப் பதிவேடு எழுதியவனுக்கு இதைப் பார்த்தால் வரும் சந்தோஷம் வேறு யாருக்கும் வராது.

செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972-லிருந்து பூமியைப் படம் பிடிக்கிறது. ஒரு படம் 600 டாலர் வரை விற்ற காலத்தில், நன்றாக விற்ற 2001-லேயே மொத்தம் 25,000 படம் அளவுக்குத்தான் போனது. 2008-ல் இலவசம் என்று அறிவித்த பின், ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். காடு எங்கே எவ்வளவு போனது, ஏரி எவ்வளவு சுருங்கியது என்று உலகம் முழுவதும் வந்த ஆய்வுகளில் நிறைய இதை நம்பித்தான் நடந்தன. நீங்களே பாருங்கள். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் நின்று கீழே பார்த்தால் தெரியும் மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைத் திட்டு, படத்திலும் சேலத்துக்கு வடக்கே வெள்ளையாகவே தெரியும். மலை மேல் பாக்சைட் வெட்டிய இடங்களையும் வருடம் வருடமாகத் தள்ளிப் பார்க்கலாம். ‘அந்தக் காலத்துல இப்படி இல்ல’ என்று திண்ணையில் பேசுவதற்கும், இந்த வருடத்திலிருந்து இந்த வருடத்துக்குள் இவ்வளவு என்று மனு எழுதுவதற்கும் தாசில்தார் அலுவலகத்தில் வித்தியாசம் இருக்கிறது.

நம் வானிலைத் துறையும் 1901-லிருந்து உள்ள மழைக் கணக்கைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 6,955 மழைமானி நிலையங்களின் பதிவிலிருந்து உருவாக்கியது, மெச்ச வேண்டிய வேலை. ஆனால் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு 27 கிலோமீட்டர் போல. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காடும் 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் சேலம் டவுனும் நேர்கோட்டில் பதின்மூன்று பதினாலு கிலோமீட்டர்தான், இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மேலே வருடத்துக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை வேறு, கீழே பெய்வது வேறு. இங்கே நாகலூரில் ஊற்றும்போது மஞ்சக்குட்டையில் வெயில் அடிக்கும். இந்த வித்தியாசம் எஸ்டேட் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

அந்தப் பதிவேடுகளின் கதி என்ன தெரியுமா? தோட்டங்கள் கைமாறி ரிசார்ட் ஆகும்போது ஆபீஸ் ரூமைக் காலி செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக எழுதிய மழைப் பதிவேடுகள், செல்லரித்த காலிகோ அட்டையோடு, கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட்டுவிட்டுத் தாளை மட்டும் எடை போட்டார். அட்டைக்கு விலை குறைவாம்.

இங்கிலாந்தில் இதே மாதிரிப் பழைய மழைத்தாள்கள் அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் கட்டிக் கிடந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றை இணையத்தில் ஏற்றி, வீட்டில் சும்மா இருப்பவர்கள் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்து கொடுங்கள் என்று கேட்டார். பதினாறாயிரம் பேர் சேர்ந்து 52 லட்சம் பதிவுகளை மூன்று வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். சில தாள்கள் 1677 வரை பின்னால் போகின்றன. இப்போது அந்தக் கணக்கு முழுவதும் இலவசம். நம்மிடம் ஆள் இல்லையா? பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணித் தங்கள் போனிலேயே பதிவு போடும் பிள்ளைகள் சேலத்திலேயே எத்தனை பேர்! அப்படி நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போட்ட மூன்று கோடிப் பதிவுகளிலிருந்துதான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. 942 இனங்களின் நிலவரத்தை அதில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. சேர்வராயன் மலையில் ஆர்க்கிட் செடிகள் உண்டு. அவற்றைக் காப்பதற்கென்றே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிடேரியம் இருக்கிறது. ஒரு அரிய ஆர்க்கிட் எந்த மரத்தில் எந்த வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆர்வத்தில் ஒருவர் இணையத்தில் போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளையோடு ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் மரத்துக்கும் இது பொருந்தும். பறவைப் பதிவு போடும் இ-பேர்ட் தளத்தில் ஆபத்தில் இருக்கும் சில பறவைகளின் இடத்தை மட்டும் மறைத்து வைக்கிறார்கள், அது புத்திசாலித்தனம். இனம் இருக்கிறதா, குறைகிறதா என்பது எல்லோருக்கும் தெரியட்டும். இடம் வனத்துறைக்கும் ஆய்வாளருக்கும் தெரிந்தால் போதும்.

மொழி விஷயத்தில் ஒன்று. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது புதுத் திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்பதற்கான விதிகளின் வரைவு, வந்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30-ம் தேதி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் போடச் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. எட்டு வழிச்சாலைக்கு நிலத்தில் கல் நட்டபோது காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சேலம் மாவட்டத்து விவசாயிகள் பட்ட பாடு உங்கள் பேப்பரிலேயே வந்ததுதான். சட்டமோ அறிக்கையோ ஆய்வோ, எங்கள் மண்ணைப் பற்றியது என்றால் ஒரு பக்கமாவது தமிழில் சுருக்கம் இருக்க வேண்டும். இங்கே மண் எடுக்க வரும் பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒரு பக்கம்தான்.

இனி உங்களிடம் கேட்பது. வாசகர்கள் இவ்வளவு விவரம் கேட்கமாட்டார்கள் என்று உங்கள் செய்திப் பிரிவில் சொல்லக்கூடும். தினமும் நீங்கள் மேட்டூர் அணை நிலவரம் போடுகிறீர்கள். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை. எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று பள்ளிக்கூடம் போகாத கிழவருக்கும் தெரியும். ‘அணை கவலைக்கிடம், அதிகாரிகள் எச்சரிக்கை’ என்று மட்டும் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், ஆபீசுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். எண்ணைக் கொடுத்தால் படிக்கத் தெரிந்த வாசகர்கள்தான் நாங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்று ஒரு நிலையான எண் உண்டு. நிலத்துக்கு சர்வே நம்பர் மாதிரி. பத்து என்ற எண்ணில் ஆரம்பிக்கும். இதழ் கைமாறினாலும் இணைய முகவரி மாறினாலும் அந்த எண்ணைத் தேடினால் கட்டுரையின் பக்கம் வந்துவிடும். அந்த எண், இதழின் பெயர், வருடம், ஆய்வு செய்த நிறுவனம், ‘இலவசம்’ அல்லது ‘கட்டணம்’ என்ற ஒரு சொல். செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் போதும். கட்டணம் என்றால் வாசகர்கள் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதியவரின் மின்னஞ்சல் இருக்கும், பணிவாக நாலு வரி எழுதினால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். பேத்தி எனக்காக இரண்டு மூன்று பேரிடம் அப்படி வாங்கியிருக்கிறாள். நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் ‘சோத்கங்கா’ என்ற அரசுத் தளத்தில் சும்மாவே கிடக்கின்றன. ஏற்காடு, சேர்வராயன் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், மண், மரம், பாறை, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

செய்தி நிறுவனங்கள் அனுப்புவதில் அந்த எண் இருப்பதில்லையே என்று நீங்கள் சொன்னால், உங்களுக்கு ஒரு யோசனை. எண் இல்லாமல் வரும் ‘ஆய்வு’ செய்தியை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் அந்தக் கட்டுரையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, ஏற்காடு வட்டத்தில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய மழைப் பதிவேடு இருந்தால் பேப்பர்காரரிடம் போட வேண்டாம் என்று இந்தக் கடிதத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியவற்றில் கையில் இருப்பதைப் பேத்தி படம் எடுத்து வைத்திருக்கிறாள். எந்தக் கல்லூரி மாணவர் கேட்டாலும் கொடுப்போம், கட்டணம் இல்லை. செண்டில் இருப்பதை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்வது அவர்கள் பொறுப்பு. கட்டுரை வெளியானதும் ஒரு பிரதி தபாலில் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
நாகலூர், ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.